பனையின் வைரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மரவேலை பற்றிப் பேசச் சொன்னார்கள். தேக்கு, ஈட்டி என்று ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பனமலைக்காரன், பனையைத்தான் பேசுவேன். எங்கள் குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் எடுத்த கோயிலில் சாமி பேரே தாளகிரீசுவரர். அதுவும் பனைமலை என்பதுதான்.

பனையை மரம் என்கிறோமே, தொல்காப்பியர் கணக்கில் அது புல்! உள்ளே வைரம் என்றால் மரம், வெளியே வைரம் என்றால் புல். மரபியலில் வருகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணினோம். ஆனால் வாள் பிடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. தேக்கில் ஓரத்து வெளிறைக் கழித்துவிட்டு நடுவை எடுக்கிறோம். பனையில் நடுவைக் கழித்துவிட்டு ஓரத்தை எடுக்க வேண்டும். நடுவில் இருப்பது வெறும் சோறு, கரையானுக்கு விருந்து.

நல்ல பனையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆண்டு வளையம் இதில் கிடையாது, எண்ணிப் பார்க்க முடியாது. வெட்டுமுகத்தைப் பாருங்கள். கரும்புள்ளிகள் விளிம்பில் நெருக்கி அடித்திருந்தால் வைரம் பாய்ந்த மரம். புள்ளிகள் விலகி, வெளுத்து இருந்தால் இளசு. ஒரே மரத்திலும் அடித்துண்டுதான் கெட்டி, மேலே போகப்போக லேசாகிவிடும். ஆண்பனையைவிடப் பெண்பனை உசத்தி என்பார்கள் தச்சர்கள்.

வேலை செய்வது சுலபமில்லை. நார் நெடுக ஓடுவதால் ஆப்பு அடித்தால் நேராகப் பிளக்கும். குறுக்கே அறுத்தால் வாள்பல் சீக்கிரம் மழுங்கும். துளை போடாமல் ஆணி அடித்தால் வெடித்துவிடும். இழைப்புளியை எதிர்த்து ஓட்டினால் சிம்பு கிளம்பும். விரலில் ஏறினால் தெரியும் சேதி! பொறுமையாக இழைத்து எண்ணெய் தடவினால், கறுப்பும் பழுப்புமாக அந்தக் கோடுகள் எழும்பி வரும் பாருங்கள், எந்த ஈட்டியும் பக்கத்தில் நிற்காது. இது என் கட்சி. தேக்குக் கடைக்காரர்கள் மன்னிக்கணும்.

இதற்காகப் பச்சைப் பனையை வெட்டச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1978 முதல் அது நம் மாநில மரம். சூளைக்கு விறகாக எத்தனையோ போய்விட்டன. 2021 ஆகஸ்டில் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். வைரம் பாய்ந்த மரம் வேண்டுமென்றால் இரண்டு மூன்று தலைமுறை காத்திருக்கணும். இன்று விதை ஊன்றுகிறவர் அதில் கைமரம் பார்க்க மாட்டார்.

ஆனால் நம் ஊர்களில் ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டுகிறோம். கூரையிலிருந்து இறங்கும் பனங்கை விறகு விலைக்குப் போகிறது. தாத்தா காலத்துச் சரக்கு, நன்றாக உலர்ந்தது, இனி கோணாது. தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பக்கத்தில் பனைவேலை தெரிந்த தச்சர் ஒருவர் இருந்தால், அவர் கை ஓடும்போதே கூப்பிட்டுக் காட்டுங்கள். ஊஞ்சல் சட்டம், ஜன்னல் கம்பு, ஸ்டூல் கால், எதுவும் வரும்.

வெளியே மேஜைமேல் இரண்டு துண்டு வைத்திருக்கிறேன். ஒன்று அடித்துண்டு, ஒன்று நுனித்துண்டு. சாப்பிடப் போகும்போது தூக்கிப் பார்த்து எது எது என்று சொல்லுங்கள். நுனித்துண்டை இன்னும் இழைக்கவில்லை, குழந்தைகள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.