குடியிருக்கும் ஊரைக் கற்றல்

(மத்திகிரியில் நடைபெற்ற நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில், தமிழாசிரியராகிய அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு நம் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தனர். ஏடும் உரையுமாய்ப் பழகிய எனக்கு அஃது எளிது. ஆயினும் சென்ற கூட்டத்தில் இம்மன்றத்தே எழுந்த ஒரு யோசனை என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நம்மவர் கட்டும் வீடுகளை நம்மவர்க்கே வாடகைக்கு விடுதல் வேண்டும் என்றும், ஆண்டு விழா விருந்திற்கு நம்மவரல்லாதாரை அழைக்க வேண்டுவதில்லை என்றும் அன்பர் சிலர் கூறினர். அதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் முடிவு செய்வதென்று நிறுத்தி வைத்தோம். ஆதலின் இன்று நூல்களைச் சற்றே ஒதுக்கிவிட்டு, நாம் குடியிருக்கும் இம்மத்திகிரியைப் பற்றியே சில சொல்ல விரும்புகின்றேன். குற்றம் இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

நம்முள் பெரும்பாலார் இவ்வூரிற் பிறந்தவரல்லர். 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டு, டி.வி.எஸ். ஆலைகளும், அப்பத்தாண்டிலேயே டைட்டன் கைக்கடிகார ஆலையும் வந்தன. அவ்வாலைகளையும் அவற்றைச் சூழ்ந்த சிறு பட்டறைகளையும் நாடி, தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நம் தந்தையரும் தமையன்மாரும் வந்தனர். மனை வாங்கினர், வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். எனினும் ‘எந்த ஊர்?’ என்று எவரேனும் வினவினால், முப்பது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரையே இன்றும் சொல்லுகின்றோம். மத்திகிரி நமக்கு முகவரியாயிற்றேயன்றி இன்னும் ஊராகவில்லை.

நாம் வருமுன்னரும் இங்கு வாழ்வு இருந்தது. திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதி கும்பினியார் கைக்கு மாறியது. 1824-ல் படைக்குதிரைகளை வளர்ப்பதற்கென அவர்கள் இங்கே பண்ணை ஒன்று அமைத்தனர். 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய அப்பண்ணைதான், நாம் நாள்தோறும் பேருந்திற் கடந்துசெல்லும் கால்நடைப் பண்ணை. பின்னர்ச் சிவப்புச் சிந்தி மாடுகளும் வந்தன. இருநூறாண்டு கடந்தும் பண்ணை நிற்கின்றது. அண்மையிலுள்ள தொரப்பள்ளியில்தான் 1878-ல் இராஜாஜி பிறந்தார். பேரூராட்சியாயிருந்த மத்திகிரி ஓசூரோடு இணைந்தது. அவ்வோசூர் 2019-ல் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. பெயர்ப்பலகைகள் மாறின, ஆனால் பழங்குடிகளின் வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் உருதுவும் முன்போலவே வழங்குகின்றன.

இனி, என் குற்றம் ஒன்றை இம்மன்றத்தில் மறையாது சொல்லுகின்றேன்.

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக, எம்மொழி பேசும் வீட்டுப் பிள்ளையும் பள்ளியில் தமிழைப் படிப்படியாகக் கற்கும் நிலை வந்தது. என் வகுப்பில் கன்னடம் பேசும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். பசுவைப் பற்றி எழுதச் சொன்னபொழுது அவன், ‘பசு ஹாலு தரும்’ என்று எழிலான தமிழெழுத்தில் எழுதியிருந்தான். யான் அதனை வகுப்பறிய உரக்கப் படித்தேன். பிள்ளைகள் நகைத்தனர். யானும் நகைத்து, ‘தமிழ்நாட்டிற் பிறந்தும் பாலென்று சொல்ல அறியாயோ?’ என்றேன். அதன்பின் பல வாரங்கள் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

அன்றிரவே என் கல்வி என்னைச் சுட்டது. தமிழிற் பகரத்தில் தொடங்கும் சொற்கள் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கும் என்பது மொழிநூல் கற்றார் யாவரும் அறிந்த செய்தி. நம் பால் அவர்க்கு ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு. பழங்கன்னடத்திற் பகரமே இருந்தது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அது சிறிது சிறிதாக மாறிற்று. தெலுங்கரோ இன்றும் பாலு, புலி, பாமு என்றே வழங்குவர். மூக்கண்டப்பள்ளி, அவலப்பள்ளி, தொரப்பள்ளி என்று இங்கே முடியும் ஊர்ப்பெயர்கள், எல்லைக்கு அப்பால் ‘ஹள்ளி’ என்று முடிகின்றன. ஓசூர் என்பதே ஹொச ஊர். ‘ஹொச’ என்பது நம் ‘புது’ என்பதற்கு உடன்பிறந்த சொல். தமிழில் அதனைப் பெயர்த்தால் புத்தூர் என்றாகும். அச்சிறுவன் எழுதியது பிழையன்று; நம் சொல்லின் உடன்பிறப்பு. புத்தகத்தில் கண்டபோது போற்றிய உறவை, ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தபோது யான் அறிந்துகொள்ளவில்லை. இதனினும் பெரிய அறியாமை ஓர் ஆசிரியனுக்கு உண்டோ?

மார்கழியில் ஒருநாள் அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். திண்ணையில் அவன் பாட்டியார் பெரியதொரு பாத்திரத்தில் ஊறவைத்த அவரைக்கொட்டைகளை எடுத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிதுக்கித் தோலைக் கழற்றிக்கொண்டிருந்தார். “வாங்க மேஷ்ட்ரே, உட்காருங்க” என்றார். யான் நிகழ்ந்ததைச் சொல்லி வருந்தினேன். அவர் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. “பையன் சொல்லவே இல்லையே! இருங்க, சாப்பிட்டுப் போங்க” என்றார். ‘இதற்குப் பெயர் என்ன?’ என்று பாத்திரத்தைக் காட்டிக் கேட்டேன். “ஹிதுகித பேளே” என்றார். நம் பக்கத்தார் பிதுக்குப் பருப்பு என்பது அதுவே. மீண்டும் அதே பகரமும் ஹகரமும்! இம்முறை சிறுவன் என் முகத்தைப் பார்த்தான், யானே அவனிடம், ‘பிதுக்கு, ஹிதுகு, பால், ஹாலு, இன்னும் நீ சொல்’ என்றேன். “பாட்டு, ஹாடு” என்றான். அன்றுமுதல் வகுப்பில் அவனுக்கு வாய் திறந்தது.

அன்று உண்டது கேழ்வரகுக் களியும் அவரைச் சாறும். அக்களியைக் கன்னடர் முத்தெ என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். கொதிக்கும் நீரில் மாவை இட்டு, கட்டி விழாமல் மரக்கோலாற் கிண்டி, ஈரக்கையால் உருட்டித் தருவர். அதனைப் பல்லாற் மெல்லுதல் கூடாது. சாற்றில் தோய்த்து விழுங்குதல் வேண்டும். யான் மென்றேன்; வீடே சிரித்தது. அச்சிரிப்பில் புண் இல்லை. என் வகுப்பில் எழுந்த சிரிப்பிற்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நன்குணர்ந்தேன்.

தாய்மார்கள் இதனைக் கருத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். நம் வீடுகளில் கேழ்வரகு ‘ஏழை உணவு’ என்று தள்ளப்பட்டது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபின், நாம் அதனை அழகிய பொட்டலங்களில் விலைகொடுத்து வாங்குகின்றோம். அண்டை வீட்டு அடுப்பில் நாள்தோறும் வெந்ததைக் கண்டறிய நமக்கு உலக அறிவிப்பு வேண்டியிருந்தது!

உணவிற்கு அடுத்துக் கலையைச் சொல்லுவேன். கோடைகாலத்தில் இச்சுற்றுவட்டக் கிராமங்களில் தருமராசர் கோயில், திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுகின்றது. பகலில் பாரதக் கதை கூறுவர். இரவு முழுதும் கூத்து. அருச்சுனன் தவமரம் ஏறும் நாளும், மண்ணாற் பெரிதாகச் செய்த துரியோதனன் உருவைப் படுகளத்திற் கிடத்தி, திரௌபதி கூந்தல் முடிக்கும் நாளும் மக்கள் வெள்ளமாய்த் திரள்வர். யான் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடமாகக் கற்றவன்; தேர்வும் எழுதியவன். எனினும் படுகளத்தில் விடியற்காலை குழுமியிருந்த பெண்கள் கண்ணீர் விட்டதைக் கண்ட பின்னரே, அக்கதை ஏன் இத்தனை நூற்றாண்டுகளாக அழியாதிருக்கின்றது என்பது எனக்கு விளங்கியது. தொரப்பள்ளியிற் பிறந்த இராஜாஜி பிற்காலத்தில் பாரதத்தை எல்லோர்க்கும் எளிதாகும்படி ‘வியாசர் விருந்து’ என எழுதினார். நம் கூத்தரோ எழுத்தறியாதார்க்கும் அதே விருந்தை இரவுதோறும் படைக்கின்றனர்.

இங்கு இக்கூத்து தமிழில் மட்டும் நிகழ்வதன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஆடுவோர் உளர். மொழி மாறினும், திரௌபதியின் துயரைக் கேட்டுப் பொறுக்கலாற்றாத நெஞ்சம் மாறுவதில்லை. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரிலும் இத்தாயே கரகமாய் எழுந்தருளுகின்றாள். அங்குத் திகளர்பேட்டைத் தருமராயர் கோயிலிற் சைத்திர மாதப் பௌர்ணமி இரவிற் புறப்படும் கரகத்தை எடுப்போர் திகளர் குலத்தார். திகளர் என்பது தமிழரைக் குறிக்கக் கன்னடர் வழங்கிய சொல். அக்கரகம் வழியில் மஸ்தான் சாகிபு தர்காவிற்கும் சென்று மரியாதை பெற்றே திரும்பும். ஒரு குலத்தார் எடுக்கும் கரகம், ஒரு நகரத்தின் விழாவாயிற்று. அக்குலத்தார் தம் உரிமையை விட்டுவிடவில்லை. ஆனால் தெருவை அடைக்கவுமில்லை. இதனை நம் சங்கத்தார் நன்கு எண்ணுதல் வேண்டும்.

எல்லை என்பதும் நாம் எண்ணுவதுபோல் மிகப் பழமையானதன்று. மொழிவழி மாநிலங்கள் அமைந்தது 1956 நவம்பர் 1-ல். பெங்களூர் தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்நிலத்தில் மக்கள் வந்தவண்ணமும் கலந்தவண்ணமுமாய் இருந்துள்ளனர். நாமும் அவ்வரிசையிற் பின்வந்தோரே.

இப்பொழுது, தொடக்கத்திற் கூறிய யோசனைக்கு வருகின்றேன்.

யான் இவ்வூருக்கு முதன்முதல் வந்தபோது, கையில் நியமன உத்தரவும் இடுப்பில் குழந்தையுடன் மனைவியுமாய் வீடு தேடினேன். பூட்டிய வீட்டைக் காட்டி, ‘நீங்கள் எந்தக் குலம்?’ என்று கேட்டனர். சொன்னவுடன், ‘வீடு பேசி முடிந்துவிட்டது’ என்றனர். ஒரு வீட்டிலன்று, மூன்று வீடுகளில். மாலையில் உருது பேசும் முதியவர் ஒருவர், “பிள்ளைங்களுக்குப் படிப்பு சொல்லித்தர வந்தவருக்கு வீடு இல்லேன்னா ஊருக்குத்தான் வெட்கம்” என்று சாவியைக் கையில் வைத்தார். ஏழு ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தோம். என் மகள் முதலிற் கற்ற பிறமொழிச் சொற்கள் அவ்வீட்டம்மையார் கற்பித்தவை. இம்மன்றத்தில் அமர்ந்துள்ள உங்களுள் எத்தனை பேர்க்கு அம்மூன்று பூட்டுகள் தெரியும் என்று யான் கேட்கவில்லை. உங்கள் முகங்களே சொல்லுகின்றன.

அன்று நமக்குப் பூட்டிய பூட்டை இன்று நாம் விலைக்கு வாங்கி நம் கதவில் தொங்கவிடுவதா?

நம் சங்கத்தின் பயனை யான் குறைத்துப் பேசுவேன் அல்லேன். ஏழை மாணவர்க்குப் பொருளுதவி செய்தோம். துக்கவீட்டில் முதலில் நின்றோம். வேலையிழந்தார்க்குத் தோள் கொடுத்தோம். வேலி பயிரைக் காப்பதற்கு வேண்டும். ஆனால் வேலி உயர்ந்து வெயிலை மறைத்துவிடுமாயின், அதனுள் நிற்கும் பயிரே வெளிறிப்போம். அண்டை வீட்டான் மொழியையும் உணவையும் அறியாமல் வளரும் பிள்ளை, நாளை ஆலையிலும் அலுவலகத்திலும் அவனோடன்றோ தோளுரசி நிற்கப்போகின்றான்?

ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தின் முன் என் வேண்டுகோள் நான்கு.

முதலாவது, வாடகை பற்றிய யோசனையைக் கொண்டுவந்த அன்பர்களே அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். வாக்கெடுத்துத் தோற்கடிப்பதினும் அது சிறப்பு.

இரண்டாவது, ஆண்டு விழா விருந்திற்கு ஒவ்வொரு குடும்பமும் நம்மவரல்லாத அண்டை வீட்டார் ஒருவரை உடனழைத்து வருதல் வேண்டும். நம் பந்தியில் நம் ஊர்ப் பலகாரங்களோடு களியும் அவரைச் சாறும் இடம்பெறட்டும். அவற்றைச் சமைக்கும் முறையை அவர்களிடமே கேட்டுக் கற்போம்.

மூன்றாவது, விழா மேடையில் திரைப்பாட்டுக் கச்சேரிக்குச் செலவிடும் தொகையிற் பாதியையேனும் இவ்வட்டாரக் கூத்துக் குழு ஒன்றிற்கு அளிப்போம். இரவெல்லாம் ஆடி, விடிந்தபின் கூலிவேலைக்குச் செல்லும் கலைஞர்க்கு அது தருமமன்று, உரிய ஊதியம்.

நான்காவது, நம் மாணவர்கள் கோடை விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பாட்டன் பாட்டியரிடம் சென்று, ஊர்ப்பெயர், உணவுப்பெயர், விளையாட்டு, கதை ஆகியவற்றைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவரட்டும். நன்கு எழுதியவற்றை நம் மாத இதழில் வெளியிடலாம். திருத்தித் தரும் பணியை யான் மகிழ்வுடன் ஏற்கின்றேன். ‘ஹாலு’ என்று வரும் இடத்தில் இனி என் சிவப்பு மை படாது என்று உறுதியும் கூறுகின்றேன்.

அன்பர்களே! விட்டுவந்த ஊரை மறக்க வேண்டா. ஆனால் நம் பிள்ளைகள் பிறந்த ஊர் இது. நாம் கண்மூடப்போகும் ஊரும் இதுவாகவே இருக்கலாம். இனி எவரேனும் ‘எந்த ஊர்?’ என்று கேட்டால், தயங்காது ‘மத்திகிரி’ என்போமாக. அவ்வாறு சொல்லும் உரிமையை, மனைப்பத்திரம் தாராது. பக்கத்து வீட்டுத் திண்ணையே தரும்.