ராத்திரி எத்தனை தலையணை?

(சங்கத்தின் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. காமர்ஸ் படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் அண்ணனுக்கு இதயம் பலவீனமானபோது ஆஸ்பத்திரியில் கேட்டதையும், பிறகு படித்ததையும் சொல்கிறேன்.

"ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" என்றுதான் டாக்டர் அண்ணனிடம் முதலில் கேட்டார். ஒன்று வைத்துப் படுத்தவர் இரண்டாக்கி, மூன்றாக்கி, கடைசியில் ஈஸி சேரிலேயே தூங்க ஆரம்பித்திருந்தார். கேட்டால், "வயசாச்சு, அவ்வளவுதான்" என்பார். டாக்டர் அந்த எண்ணிக்கையை உடனே சீட்டில் குறித்துக்கொண்டார்.

ஏன்? நாம் மல்லாந்து படுக்கும்போது, கால்களில் தங்கியிருந்த ரத்தத்தில் ஒரு பகுதி நெஞ்சுப் பக்கம் திரும்பி வருகிறது. நல்ல இதயம் சமாளித்துவிடும். பலவீனமான இதயத்தால் முடியாது. நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். வயிறும் மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறையும். எழுந்து சாய்ந்தால் இரண்டும் தணிகிறது. படுத்தால் வரும் இந்த மூச்சுத்திணறலுக்கு மருத்துவத்தில் 'ஆர்த்தாப்னியா' என்று பெயர். நாள்பட்ட நுரையீரல் நோய், அதிக உடல் பருமன் இவற்றாலும் இது வரலாம்.

உயர்த்திப் படுப்பதிலும் முறை இருக்கிறது. தலைக்கு மட்டும் தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி, தாடை நெஞ்சில் இடிக்கும். தொண்டை இன்னும் குறுகும். இடுப்பிலிருந்தே சரிவு தொடங்க வேண்டும். முதுகுக்கும் தோளுக்கும் சேர்த்து அண்டை கொடுங்கள். சாய்வாக வெட்டிய ஃபோம் தலையணை கடைகளில் கிடைக்கிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாதாரணமாக 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துவார்கள். கீழே சறுக்காமலிருக்க முழங்காலுக்கு அடியில் சின்னத் தலையணை ஒன்று வைக்கலாம். நெஞ்செரிச்சல்தான் தொல்லை என்றால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே 6 அங்குல மரக்கட்டை வைத்தாலே பலருக்குப் போதும். கட்டில் ஆடாமல் இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயம். தலையணை மூச்சுக்கு ஆறுதல்தான், நோய்க்கு மருந்து அல்ல. பல வருடமாக இரண்டு வைத்துப் படுப்பது பழக்கமாக இருக்கலாம். ஆனால் போன மாதம் ஒன்று, இந்த மாதம் இரண்டு என்று கூடினால் அது தகவல். டாக்டரிடம் போய்ச் சேர வேண்டிய தகவல். கூடவே கால் வீக்கம், மாடிப்படி ஏறினால் இளைப்பு, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் எடை ஏறுவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தூங்கி ஓரிரு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, ஜன்னலைத் திறந்து நின்று, சரியானதும் மறுபடி படுத்துவிடுகிறவர்கள் உண்டு. காலையில் அதை மறந்துவிடக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை, நெஞ்சு வலிக்கிறது, உதடு நீலமாகிறது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருகிறது என்றால் உடனே 108. ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்க வைக்காதீர்கள். கட்டில் ஓரத்தில் நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.

நம் குடியிருப்பில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மாற்றுச்சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். செக்யூரிட்டி அறை நம்பரையும் 108-ஐயும் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கட்டும். ராத்திரி 2 மணிக்குக் கதவைத் தட்டலாமா என்ற கூச்சம் வேண்டாம். தட்டினால் திறக்கத்தான் பக்கத்து வீடு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போனில் "சாப்பிட்டீங்களா?" என்று தினமும் கேட்கிறீர்கள். அதோடு "ராத்திரி எத்தனை தலையணை?" என்றும் கேட்டுப் பாருங்கள்.