பாதிச் செலவு பக்கத்து வீட்டுக்கு
(சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

கட்டடக்கலை பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் செயலாளர். போன கூட்டத்தில் பொதுச்சுவர் ஈரக்கசிவைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடினோம். அதனால் பொதுச்சுவர் உள்ள வீடு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

லண்டனில் கிரேவன் தெரு, 36-ஆம் எண் வீடு. 1730 வாக்கில் கட்டியது. பெஞ்சமின் பிராங்க்ளின் 1757 முதல் 1775 வரை, இடையில் ஊருக்குப் போய்வந்த காலம் நீங்கலாக, இங்கே குடியிருந்தார். சொந்த வீடல்ல, வாடகைதான்.

ஜார்ஜ் என்ற பெயருள்ள அரசர்கள் ஆண்ட காலம் என்பதால் இவற்றை ஜார்ஜியன் வீடுகள் என்பார்கள். வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. தட்டையான செங்கல் முகப்பு, அளவெடுத்து வைத்த ஜன்னல்கள், வேறு அலங்காரம் குறைவு. இந்த எளிமையை வெறும் ரசனை என்று நினைத்துவிடக் கூடாது. பாதி, நெருப்புப் பயம்.

1666-இல் லண்டன் எரிந்தது. 1667 சட்டம் சுவரைச் செங்கல்லிலோ கல்லிலோ கட்டச் சொன்னது. 1707 சட்டம் கூரை விளிம்பில் மர வேலைப்பாடு கூடாது என்றது. கைப்பிடிச்சுவர் எழும்பிக் கூரையை மறைத்தது. 1709 சட்டம் ஜன்னலின் மரச்சட்டகத்தைச் சுவர் முகப்பிலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளியது. அந்த ஜன்னல்களைச் சுற்றி விழும் அழகான நிழல் அப்படி வந்ததுதான்!

நமக்கு வேண்டியது இனிதான். லண்டன் நகருக்கான அந்த 1667 சட்டத்தில் பொதுச்சுவருக்கும் வழி இருந்தது. முதலில் கட்டுபவர் முழுச் சுவரையும் எழுப்புவார். பிறகு அதை ஒட்டிக் கட்டுபவர் பாதிச் செலவைக் கொடுத்துவிட வேண்டும். 'நீ கட்டிய சுவர்தானே' என்று நழுவ முடியாது.

இன்னொன்று. அந்தக் காலச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தவை. ஈரம் இணைப்பு வழியே வெளியேறும். பிற்காலத்தில் இணைப்புகளைச் சிமெண்டால் அடைத்த இடங்களில் ஈரம் செங்கல் வழியே வர முயன்று, செங்கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. கசிவு எங்கிருந்து என்று பார்க்காமல் மேலே பூசினால் இதுதான் கதி.

நம்முடையது சிமெண்டுச் சுவர், சுண்ணாம்புக் கணக்கு இங்கே பொருந்தாது. ஆனாலும் மறுபடி பூசுவதற்கு முன் இரண்டு வீட்டுக் குளியலறைக் குழாய்களையும் பிளம்பரை வைத்துச் சோதிக்கலாம். சோதனைச் செலவு ஆளுக்குப் பாதி. இதைத் தீர்மானமாகவே முன்வைக்கிறேன், செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.