ஆய்வுகூடத்தில் ஒரு சிறு ஞாயிறு

பொருள்கள் திண்மம், திரவம், வாயு என மூவகைப்படும் என்று கீழ் வகுப்புகளிலே கற்பிக்கிறோம். நான்காவது நிலையொன்றும் உண்டு. வாயுவை மிகுதியாகச் சூடாக்கினாலும், அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினாலும், அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்துவிடும். அந்நிலையே பிளாஸ்மா. வெள்ளவத்தைக் கடலில் மறையும் ஞாயிறும் பிளாஸ்மாவே. கொட்டாஞ்சேனைக் கடைகளின் குழாய் விளக்கினுள் ஒளிர்வதும் பிளாஸ்மாவே.

நமது தலைக்கு மேல் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்திலும் அது உண்டு. புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவையும் இலங்கையையும் ஒட்டிச் செல்வதால், பகல் வேளையில் அங்கே ஒரு மின்னோட்டம் ஆறுபோலக் கிழக்கு நோக்கிப் பாய்கிறது. அதன்மீது ரேடார் அலைகளைச் செலுத்திய அறிஞர்கள், அதிலே சிற்றலைகள் எழுவதை உணர்ந்தனர். 1963இல் பார்லி, புனேமன் என்னும் இருவரும் தனித்தனியே அதற்குக் காரணங் கூறினர். ஆயினும், வானத்தை நாம் விரும்பியவாறு மாற்றி வைத்துச் சோதித்தல் இயலுமா?

அகமதாபாத்திலுள்ள பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தார் அதற்கு வழி கண்டனர். கலமொன்றினுள் பிளாஸ்மாவை உண்டாக்கி, காந்தப்புலத்தையும் அமைத்து, அதே வகையான சிற்றலைகளை அங்கே தோற்றுவித்தனர். ஜான், சக்சேனா ஆகிய இருவரும் 1975இல் இதனை வெளியிட்டனர்.

இவ்வாறு பிளாஸ்மாவைக் கையாளக் கற்ற குழுவே, 1986இல் காந்திநகருக்கு அருகே தனி நிறுவகமாக வளர்ந்தது. அங்கே 1989இல் 'ஆதித்யா' என்னும் டோக்கமாக் இயங்கத் தொடங்கியது. டோக்கமாக் என்பது வளைய வடிவான கலம். வெப்பமிக்க பிளாஸ்மா சுவரைத் தீண்டாவண்ணம் காந்தப்புலம் அதனுள் வேலியாக நிற்கும். ஞாயிற்றில் ஐதரசன் கருக்கள் இணையும்போது பிறக்கும் சக்தியை மண்ணிலும் பெறுவதே இத்தகைய கருவிகளின் இறுதி நோக்கம்.

இருபது ஆண்டுகளுக்குள் அதற்கு வழி பிறக்கும் என்று 1955இல் ஹோமி பாபா ஜெனீவா மாநாட்டிலே கூறினார். அது அத்துணை எளிதாகக் கைகூடவில்லை. 2022 திசெம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில், 2.05 மெகாயூல் லேசர் ஒளி 3.15 மெகாயூல் சக்தியைத் தந்தது. ஆனால், அந்த லேசரை இயக்கவே ஏறத்தாழ 300 மெகாயூல் மின்சாரம் செலவாயிற்று. வழி இன்னும் நெடிது.

அதே 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் நாம். நமது தீவுக்கு எண்ணெயும் நிலக்கரியும் கப்பலிலேதான் வரவேண்டியுள்ளன. ஆதலால் இவ்வாராய்ச்சி நமக்கு அந்நியமான செய்தியன்று.

"இதைப் படிப்பதால் உடனே என்ன பயன்?" என்று பெற்றோர் பலர் வினவுகின்றனர். வானத்துச் சிற்றலைகளை ஆராய்ந்தோரிடம் அன்று இவ்வினாவைத் தொடுத்திருந்தால், அவர்களால் என்ன விடை கூறியிருக்க முடியும்? எனினும், அன்று அவர்கள் பெற்ற கைத்திறனே பின்னர் ஆதித்யாவை இயக்கிற்று. பயனை முன்கூட்டியே அளந்து அறிவைத் தேடல் இயலாது. நம் பிள்ளைகள் அறியும் ஆவலால் வினாத் தொடுக்கும்போது, அதனைத் தடுக்காதிருப்போமாக.