சில்லு இருந்தால் மட்டும் போதுமா?



தீபாவளி நாள். அடுக்குமாடி வீடு ஒன்றில் விருந்தினர் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். கதவு திறந்தே கிடக்கிறது. மாலையில் பெருமழையோடு இடி இடிக்கிறது. மிரண்டுபோன நாய் படியிறங்கி ஓடி மறைந்துவிடுகிறது. கீழ்த்தளத்தில் அதன் கழுத்துப்பட்டை மட்டும் அறுந்து கிடக்கிறது. பிள்ளைகள் அழுதபடி ஒவ்வொரு புளோக்காகத் தேடுகிறார்கள். நாய் வளர்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த நிலை வரலாம்.

அந்த நாயை யாரோ ஒருவர் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்கிறார். தன் வீடு எது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பட்டையும் இல்லை, தகடும் இல்லை. அந்த வேளையில் அதற்காகப் பேசுவது அதன் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப் என்னும் நுண்சில்லுதான்.

இந்தச் சில்லு ஓர் அரிசி மணி அளவே இருக்கும். தடுப்பூசி போடுவதுபோல், சற்றுத் தடித்த ஊசியால் நாயின் தோள்பட்டைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். இதற்கு மயக்க மருந்து தேவையில்லை. சில்லுக்குள் மின்கலமும் கிடையாது. எனவே நாயின் ஆயுள் முழுவதும் அது பயன்படும். வருடும் கருவியை அருகில் கொண்டு சென்றால் 15 இலக்க எண் ஒன்று தெரியும். ஒரு சில்லின் எண் இன்னொன்றுக்கு இராது.

சில்லு இருந்தால் நாய் எங்கே நிற்கிறது என்று கைத்தொலைபேசியில் பார்த்துவிடலாம் எனச் சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. சில்லு இடத்தைக் காட்டாது, பெயரையோ முகவரியையோ சுமக்கவும் செய்யாது. அதில் இருப்பது எண் மட்டுமே. அந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் யாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன என்பதே முக்கியம்.

சிங்கப்பூரில் 2007 செப்டம்பர் முதல், உரிமம் பெறும் நாய்களுக்கு நுண்சில்லு கட்டாயம். 2019 முதல் இந்தப் பொறுப்பு தேசியப் பூங்காக் கழகத்திடம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். 2024 செப்டம்பர் முதல் வளர்ப்புப் பூனைகளுக்கும் உரிமமும் நுண்சில்லும் என்ற விதி வந்துள்ளது.

சட்டம் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணங்கள் உண்டு. 1953 முதல் சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை. ஆனால் 2017இல் சரவாக்கில் அந்நோய் பரவியது. அப்படி ஒன்று இங்கு நேர்ந்தால், எந்த நாய் யாருடையது என்று விரைவில் கண்டறிய வேண்டும். மற்றொரு காரணம், கைவிடப்படும் நாய்கள். குட்டியாக இருந்தபோது கொஞ்சியவர்களே, வளர்ந்ததும் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போவதுண்டு. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறையே 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கழுத்துப்பட்டையைக் கழற்றி எறிந்துவிடலாம். தோலுக்கடியில் இருக்கும் எண்ணை அப்படிக் கழற்ற முடியாது.

ஆனால் சில்லு பொருத்தியதோடு கடமை முடிந்துவிட்டது என்று இருப்பவர்களும் உண்டு. வீடு மாறியிருப்பார்கள், தொலைபேசி எண்ணை மாற்றியிருப்பார்கள். நாயை உறவினருக்குக் கொடுத்திருப்பார்கள், ஆனால் உரிமத்தை மாற்றியிருக்க மாட்டார்கள். மருத்துவர் கருவியை வைத்துப் பார்ப்பார், எண்ணும் தெரியும். அழைத்தால் அந்தத் தொலைபேசி எண் பயன்பாட்டில் இருக்காது. வீட்டார் ஒரு பக்கம் தேட, நாய் மறுபக்கம் காத்துக் கிடக்கும். சில்லு இருந்தும் பயனில்லை. நாய் தொலைந்த பிறகு பதிவேட்டைத் திருத்த ஓடுவது, தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

எனவே நாய் வளர்ப்போர் செய்ய வேண்டியவை மூன்று. உரிமப் பதிவில் உள்ள முகவரியும் தொலைபேசி எண்ணும் சரிதானா என்று பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குச் செல்லும்போது, சில்லை ஒருமுறை வருடிப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்க வேண்டும். நாயை வேறொருவருக்குக் கொடுத்தால், உரிமத்தையும் அவர் பெயருக்கு மாற்ற வேண்டும்.

இவற்றுக்குச் சில நிமிடங்களே ஆகும். அந்தச் சில நிமிடங்கள்தான், இடி இடித்த இரவில் ஓடிப்போன நாயை மறுநாளே பிள்ளைகளின் கைகளில் சேர்க்கும்.