பெட்டி ஒன்று, பாதை மூன்று

(துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆலையிலிருந்து கப்பலுக்குப் போவதற்குள் ஒரு மூட்டை முன்பு எத்தனை தோள் மாறியது! லாரி, வேகன், கிடங்கு, கப்பல் — ஒவ்வொன்றிலும் ஏற்றுகூலி, இறக்குகூலி, சேதாரம்.

1956 ஏப்ரல் 26ஆம் தேதி, அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 சரக்குப் பெட்டிகளுடன் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பெட்டியைப் பிரிக்காமலே லாரி, ரயில், கப்பல் மூன்றிலும் மாற்றும் முறை அதன்பின் உலகெங்கும் பரவியது. சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983இல் வந்தது.

இம்முறையை நாம் வரவேற்கிறோம். முதுகொடியும் சுமை குறைகிறது. நெடுந்தூரத்துக்கு ரயிலும் கப்பலும், ஆலை வாசல்வரை லாரியும் என்று பிரித்துக்கொண்டால் டீசல் மிச்சம். சாலையிலும் நெரிசல் குறையும்.

ஆனால் மிச்சமாகும் பணம் யாருக்கு? அதுதான் கேள்வி.

அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர்கள் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் 1960இல் ஒப்பந்தம் கண்டார்கள். யந்திரம் வரலாம், ஆட்குறைப்புக் கூடாது, முதலாளிகள் தொழிலாளர் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். பெரிய வெற்றிதான். ஆனால் முழுப் பதிவு பெறாத தொழிலாளிக்கு அந்தப் பாதுகாப்புக் கிட்டவில்லை.

அந்தப் பாடத்தை மறவாதீர்கள், தோழர்களே! நம் கோரிக்கைப் பட்டியலில் கான்ட்ராக்ட் தொழிலாளியின் பெயர் முதலில் இருக்கட்டும்!