நம்பர் சொல்லுங்க தம்பி



மாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது பல கடைகளுக்கு இப்படியொரு போன் வரும். "ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து பேசறோம். எனிடெஸ்க் திறந்து நம்பர் சொல்லுங்க தம்பி." தம்பி சொல்லுவான். அனுமதி கேட்டுத் திரையில் வரும் பொத்தானையும் அவனே அழுத்துவான். எனிடெஸ்க், வேறிடத்திலிருந்து ஒரு கணினியை இயக்க உதவும் செயலி. அம்புக்குறி தானாக நகரும், கணக்கு மென்பொருளான டேலி திறக்கும், ஜிஎஸ்டி வேலை முடிந்துவிடும். முதலாளி சரக்கு எடுக்க வெளியூர் போயிருப்பார்.

சம்மதம் கொடுத்தது யார்? 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43-ஆம் பிரிவில், கணினியின் உரிமையாளர் அல்லது அதற்குப் பொறுப்பானவரின் அனுமதி வேண்டும் என்கிறது. பில் போடும் பையன் பொறுப்பானவரா என்ற கேள்வி, ஏதாவது காணாமல் போன பிறகுதான் எழும்.

ஆடிட்டருக்கு வேண்டியது டேலி மட்டும். ஆனால் அந்தக் கணினியில் வாட்ஸ்அப் திறந்திருக்கும், பேங்க் கணக்கு திறந்திருக்கும், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியபடியே இருக்கும். அந்த டோக்கனும் அதன் ரகசிய எண்ணும் கிடைத்தால் முதலாளியின் கையெழுத்தே கிடைத்த மாதிரி.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். ஒவ்வொரு தடவையும் தொந்தரவு எதற்கு என்று, ஆள் இல்லாதபோதும் நுழைய நிரந்தரப் பாஸ்வேர்டு போட்டுவிடுவார்கள். அதை அறிந்த உதவியாளர் வேறு ஆபீசுக்குப் போய்விடுவார். பாஸ்வேர்டு மட்டும் மாறாது.

2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதே எனிடெஸ்க் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. அதில் சொல்லப்பட்ட மோசடிக்காரன் கேட்டதும் அதே ஒன்பது இலக்க எண்தான். நாணயமான ஆபீஸ் முன்கூட்டிச் சொல்லாமல் எண் கேட்டுப் பழக்கினால், நாளை திருடன் கேட்கும்போதும் தம்பி தயங்காமல் சொல்லுவான். இதை ஆடிட்டர்கள் யோசித்தார்களா என்பது என் சந்தேகம்.

வழி பெரிதல்ல. எந்த வேலை, எந்த நாள், யார் நுழைவார் என்று ஆபீஸ் முதலாளிக்கே செய்தி அனுப்பட்டும். அவர் 'சரி' என்று எழுதட்டும். போன் வந்தால் வைத்துவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஆபீஸ் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். டேலி தவிர மற்றதை மூடி, டோக்கனைப் பிடுங்கி வையுங்கள். வேலை முடியும்வரை ஒருவர் திரை முன்னால் உட்காரட்டும். நிரந்தரப் பாஸ்வேர்டு இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். "அப்புறம் வேலை தாமதமாகும் சார்" என்பார்கள். ஆகட்டும்.